நீட்டிய கால்கள்

எங்களைப் பார்த்ததும் பெரியம்மா ஏன் காலை மடக்கிக்கொண்டார் என்ற கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

கோடை விடுமுறை. புதுக்கோட்டையிலிருந்து வேன் பிடித்து ஊட்டிக்குக் கிளம்பியிருந்தோம். வழியில் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் நீர்ப்பூங்காவில் ஒரு பகல் என்று ஏற்பாடு. பிள்ளைகளுக்கு ஊட்டியைவிட அதுதான் பெரிது. மாற்றுத்துணி, செல்போன், கழற்றிய சங்கிலி எல்லாவற்றையும் பைகளில் திணித்து மரத்தடி பெஞ்சில் குவித்தோம். "நீங்க போங்கப்பா, பையை நான் பார்த்துக்கிறேன்" என்றார் பெரியம்மா. அப்படித்தான் சொல்வார் என்று எல்லோருக்கும் தெரியும்.

அலைக்குளத்தில் ஆடிவிட்டுச் சொட்டச் சொட்டத் திரும்பியபோது தூரத்திலேயே அவரைப் பார்த்தேன். பெஞ்சில் சாய்ந்து, இரண்டு கால்களையும் பைகளின் மேல் நன்றாக நீட்டி, நீலகிரி மலைப்பக்கம் பார்த்தபடி இருந்தார். சுற்றிலும் அலறல், விசில், ஒலிபெருக்கிப் பாட்டு. எதுவும் அவரைத் தொட்டதாகத் தெரியவில்லை. எங்களைக் கண்டார். சட்டென்று கால்களை இழுத்து மடக்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, "அதுக்குள்ளயா வந்துட்டீங்க?" என்றார்.

நடந்தது இவ்வளவுதான்.

பெரியம்மா கால் நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அரிவாள்மணை முன்னால் ஒரு காலைக் குத்திட்டு உட்காருவார். கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தி முடியும்வரை நின்றுகொண்டே இருப்பார். நார்த்தாமலைப் பூச்சொரிதலுக்குப் போனால், கட்டுச்சோற்றுத் தூக்கை மடியில் அணைத்தபடி சம்மணம் போட்டிருப்பார். நான்கு பேர் முன்னால் கால் நீட்டுவது மரியாதைக் குறைவு என்று வளர்ந்த தலைமுறை. அந்தக் கால்கள் ஆயிரம் பேர் நடுவில் நீண்டிருந்தன. அந்நியர் ஆயிரம் பேர் பார்க்கலாம். நாங்கள் ஏழெட்டுப் பேர் பார்க்கக்கூடாதா?

எப்போதோ படித்தது ஒன்று நினைவுக்கு வருகிறது. வால்ட் டிஸ்னி தன் மகள்களை லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பூங்காவுக்குக் கூட்டிப்போவாராம். அவர்கள் குதிரை ராட்டினத்தில் சுற்றுவார்கள். அவர் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி பார்த்துக்கொண்டிருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்தே மகிழ ஓர் இடம் வேண்டும் என்று அங்கேதான் அவருக்குத் தோன்றியதாம். 1955 ஜூலை 17 அன்று அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தது. அப்படிப் பார்த்தால், இன்றைய கேளிக்கைப் பூங்காக்களின் கதை பெஞ்சில் தனியே விடப்பட்ட ஒரு தகப்பனிடமிருந்து தொடங்குகிறது. இனி யாரும் பெஞ்சில் உட்காரவேண்டாம் என்பது அவர் கனவு. என் பெரியம்மாவோ அந்தக் கனவுக்குள் நுழைந்து ஒரு பெஞ்சைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

டிஸ்னிக்குப் பெஞ்சு சலித்ததற்கும் பெரியம்மாவுக்கு அது இனித்ததற்கும் காரணம் எளிதாகத் தெரிகிறது. அவருக்கு வேலை நிறைந்த வாரத்தில் பிள்ளைகளோடு இருப்பதே அரிது. இவருக்கு யாரும் கூப்பிடாமல் இருப்பது அரிது. ஆனால் இத்தனை எளிதாக முடிகிற விடையை நம்பத் தயக்கமாக இருக்கிறது.

யாரும் கூப்பிடாத அமைதி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, சிறுவயதில் எங்களுக்குத் தெரிந்த ஒரே சுற்றுலாவான சித்தன்னவாசல். அன்னவாசல் பஸ்ஸில் போய் இறங்கி, வெயிலில் கொதிக்கும் பாறையில் ஏறி, மறுபக்கம் இறங்கினால் ஏழடிப்பட்டம். பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் கால் வைத்துப் போனதால் அந்தப் பெயர். குகைக்குள் சமணத் துறவிகளின் பதினேழு கற்படுக்கைகள், தலைமாட்டில் கல்லிலேயே தலையணை. உள்ளே போனதும் காற்று குளிர்ந்துவிடும். எங்கள் கூச்சல்கூடத் தானாக அடங்கும்.

அமைதி என்றாலே தனிமை என்று அப்போது நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் பதினேழு படுக்கைகள் என்பது ஒரு கூட்டம். பக்கத்தில் படுத்தவரின் இருமல் கேட்டிருக்கும். அங்கே ஒரு படுக்கையில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான தமிழி எழுத்தில் ஒரு செய்தி இருக்கிறது. எருமிநாட்டில் பிறந்த காவுடி ஈதேன் என்பவருக்கு இளையர் செய்துகொடுத்த இருக்கை என்கிறது. அமைதியில் இருந்தவர் ஒருவர், அதை அமைத்துக்கொடுத்தவர் வேறொருவர். உளி பிடித்தவர் யாரென்று கல்வெட்டில் இல்லை. துறவிகளுக்காகக் கீழே ஊரில் யாரோ தினமும் சோறு வடித்திருக்கிறார்கள். ஒருவரின் அமைதிக்குப் பின்னால் எப்போதும் இன்னொருவரின் உழைப்பு இருந்திருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த உழைப்பு எப்போதும் பெரியம்மாவுடையது. பிளாக் தண்டரில் அன்று ஒரு பகல் கணக்கு மாறியதா? மாறவில்லை என்றும் சொல்லலாம். அங்கேயும் அவர் எங்களுக்காகக் காவல்தானே இருந்தார்?

அதே மலையின் மேற்குப் பக்கம் அறிவர் கோயில். அதன் விதானத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தாமரைக்குளம். மீன், யானை, எருமை, அன்னம் எல்லாம் அதில் திரிய, சிலர் தண்ணீரில் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள். தீர்த்தங்கரரின் அறவுரையைக் கேட்கப் போகிறவர்கள், வழியில் இந்தக் குளத்தில் இறங்கி மகிழ்ந்துவிட்டுப் போகிறார்கள் என்று அறிஞர்கள் விளக்கம் சொல்கிறார்கள். துறவிகள் வாழ்ந்த மலையில் நீர்விளையாட்டை வரைந்து வைத்தவர்கள், ஆரவாரத்தை அமைதிக்குப் பகையாக நினைக்கவில்லை போலும். மலையடிவாரத்தில் இப்போது படகுச் சவாரியும் சிறுவர் பூங்காவும் வந்திருக்கின்றன. முதலில் அது எனக்கு உறுத்தியது. விதானத்துக் குளத்தை நினைத்தபின் உறுத்தல் குறைந்தது. எங்களை மறக்கடித்த பிளாக் தண்டரின் இரைச்சல்தான் பெரியம்மாவைத் தன்பாட்டில் இருக்கவும் விட்டதோ? நிசப்தமான வீட்டில் அவர் கால் நீட்டியதில்லையே.

அப்படியானால் மடக்கியது ஏன்? பிடிபட்டதுபோல் உணர்ந்தாரா? ஓய்வாக இருப்பதை நாங்கள் பார்த்தால், வேலையில்லாதவர் என்று எண்ணுவோம் என்ற பயமா? அல்லது நாங்கள் உட்கார இடம் விட்டாரா? பழக்கத்தில் நடந்த சாதாரணச் செயலைத்தான் நான் ஊதிப் பெரிதாக்குகிறேனா? ஊர் திரும்பியபின் ஒருநாள், "அன்னைக்குத் தனியா உக்காந்திருந்தது சிரமமா இருந்துச்சா பெரியம்மா?" என்று கேட்டேன். "ஒரு சாமானும் தொலையலல்ல?" என்றார். அதற்குமேல் பேச்சு நகரவில்லை.

இந்த விடுமுறைக்குச் சென்னைப் பக்கம், இள்ளலூர் வொண்டர்லா பூங்காவுக்குப் போகவேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக இருக்கிறார்கள். இத்தகைய இடங்களில் வாடகைக்கு லாக்கர் கிடைக்கும். மேட்டுப்பாளையத்திலும் கிடைத்தது. அது தெரிந்தே நாங்கள் பைகளைக் கொடுத்தோம், பெரியம்மாவும் தெரிந்தே வாங்கிக்கொண்டார். இம்முறை லாக்கர் எடுத்தால் அவர் கைக்குச் சுமையில்லை. ஆனால் சும்மா உட்கார அவருக்கு ஒரு காரணமும் இருக்காது. "ஒரு வேலையும் இல்லாம நான் எதுக்கு?" என்று வீட்டிலேயே தங்கிவிடுவார், அல்லது எங்களோடு வெயிலில் வரிசைவரிசையாக நிற்பார். லாக்கர் எடுக்காவிட்டால், அவருடைய அமைதிக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டு எங்கள் வசதியைப் பார்த்துக்கொண்டதாகவும் ஆகலாம். வேலை எதுவும் சுமத்தாமல், காரணம் எதுவும் கேட்காமல் ஒருவருக்குக் கொஞ்சநேரம் தருவது எப்படி என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வேனுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. லாக்கர் விஷயத்தில் மட்டும் இன்னும் முடிவுக்கு வரமுடியவில்லை.