கட்டுண்ட பேராளர்

1980 ஆகஸ்டு மாதம் நியூயார்க் நகரில் கூடிய அமெரிக்க சனநாயகக் கட்சியின் மாநாடு, குடியரசுத் தலைவர் வேட்பாளரைத் தேர்ந்துகொள்ளுமுன் ஒரு விதியைப் பற்றி வாக்கெடுப்பு நடத்தியது. பேராளர் எவருக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டாரோ அவருக்கே முதற்சுற்றில் வாக்களித்தாக வேண்டும். மீற முனைபவரை அகற்றி வேறொருவரை அமர்த்தலாம் என்பதே அவ்விதி. எட்வர்டு கென்னடியின் தரப்பினர் எதிர்த்தனர். முதனிலைத் தேர்தல்கள் தொடங்கி மாதங்கள் பல கழிந்துவிட்டன, நாட்டின் நிலை மாறிவிட்டது, பேராளரை அவரது மனச்சான்றுக்கு விட்டுவிடுங்கள் என்று வாதாடினர். ஜிம்மி கார்ட்டரின் தரப்பு 1,936க்கு 1,390 என்ற கணக்கில் வென்றது. அன்றிரவே கென்னடி போட்டியிலிருந்து விலகினார்.

பேராளரைப் பொம்மையாக்கும் விதி என்று அதைப் பழித்தவர் உண்டு. எனினும் அது பிறந்த காரணத்தை நாம் மறத்தலாகாது. 1968இல் சிகாகோ மாநாட்டில் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி முதனிலைத் தேர்தல்களில் போட்டியிடாமலேயே வேட்பாளரானார். பேராளர் பலரைக் கட்சித் தலைவர்களே பொறுக்கியிருந்தனர். வெளியே தெருவில் இளைஞர் தடியடி பட்டனர். பின்னர் வந்த சீர்திருத்தங்களே மக்கள் வாக்குக்கேற்பப் பேராளரைப் பங்கிடும் முறையை நிலைநாட்டின. ஆக, 1980இல் பேராளரைக் கட்டிய கயிறு மக்கள் கையிலிருந்து வந்த கயிறு.

அப்படியாயின் மனச்சான்று என்னாவது? நாம் எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வியன்று இது. கட்சியே தள்ளவில்லை. 1984 மாநாட்டிற்குள் அவ்விதியை நீக்கி, பேராளர் தம்மைத் தேர்ந்தவர்களின் உணர்வை நல்ல மனச்சான்றோடு எதிரொலிக்க வேண்டும் என்று மாற்றி எழுதியது. மனச்சான்று மீண்டது, ஆனால் எதிரொலிக்க வேண்டியது பிறரது உணர்வை!

மனச்சான்றைத் துணைக்கழைப்பவர் பெரும்பாலும் எண்ணிக்கையில் குறைந்தவரே என்பதையும் காண்கிறோம். 2016இல் கிளீவ்லாந்தில் குடியரசுக் கட்சியினருள் டிரம்பை விரும்பாத சிலர் இதே விடுதலையைக் கேட்டுத் தோற்றனர். தோற்பவன் கேட்பதாலேயே கேள்வி பொய்யாகிவிடாது. ஆயினும் ஒன்று தோன்றுகிறது: தம் மனம் ஒப்பாத பேராளர் இருக்கையைத் துறக்கலாம், மக்கள் ஒருவருக்கென்று தந்த இருக்கையில் அமர்ந்துகொண்டே மற்றொருவருக்குக் கை உயர்த்துவது வேறு செயல்.

2024இல் இக்கேள்வி புது உருவில் வந்தது. ஜோ பைடன் ஏறத்தாழ 3,900 பேராளரை வென்றபின், ஜூலை 21 அன்று விலகினார். கட்டியவரே போய்விட்டார். இரண்டே நாளில் பெரும்பான்மைப் பேராளர் கமலா ஹாரிஸுக்கு ஆதரவு தெரிவித்துவிட்டனர். வேட்பாளர் அவர்களை விடுவிக்கலாம். வாக்களித்த மக்கள் விடுவித்தனரா? அவர்களை மீண்டும் கேட்கக் காலமில்லை. ஒவ்வொரு பேராளரும் தம் ஊராரின் உள்ளத்தைத் தாமே ஊகித்தார்.