உபரி என்றொரு சொல்

2025 ஜூலையில் ஜெர்மனியின் நியூரம்பர்க் உயிரியல் பூங்கா, நோய்நொடியில்லாத 12 கினி பபூன் குரங்குகளைக் கொன்றது. 25 பெரிய குரங்குகளுக்குக் கட்டிய இடத்தில் நாற்பதுக்கு மேல் ஆகிவிட்டது, வேறு பூங்காவில் இடம் கிடைக்கவில்லை, கருத்தடையும் பலிக்கவில்லை என்றார்கள். எதிர்த்துப் போராடியவர்கள் கைதானார்கள். அவர்கள் கணக்கில் அந்தப் பன்னிரண்டும் உபரி.

கள்ளக்குறிச்சிச் சேரியிலிருந்து எழுதுகிறவளுக்கு ஜெர்மன் குரங்கு எதுக்கு என்று தோழர்கள் கேட்கலாம். கேக்கட்டும். 'கொரங்கு மூஞ்சி' என்று ஊர்த்தெருவில் ஏச்சு வாங்காத பிள்ளை நம்மில் யார்? 1906-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பூங்காவில் ஓட்டா பெங்கா என்ற காங்கோ இளைஞரைக் குரங்குக் கூடத்தில் நிறுத்திச் சனங்களுக்குக் காட்டினார்கள். கறுப்பினப் பாதிரியார்கள் போராடிய பிறகே அது நின்றது. ஆகவே நம்மைக் குரங்கோடு ஒப்பிடும் எந்தப் பேச்சும் நமக்கு ஆகாது. நான் பார்ப்பது கூண்டு கட்டுகிறவனின் கணக்கை.

நம்ம வண்டலூரையே எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சிங்கவால் குரங்கைக் கூண்டில் பெருக்கும் திட்டத்துக்கு அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காதான் ஒருங்கிணைப்பு மையம். 1992-இல் அமைந்த மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் கீழ் இது நடக்கிறது. தாய் எது, தகப்பன் எது, எங்கே பிறந்தது, எங்கே போனது, எப்போது செத்தது, எல்லாம் வம்சப் பதிவேட்டில் ஏறும். பல பூங்காக்களில் சிதறிக் கிடப்பவற்றை ஒரே கூட்டமாகப் பாவித்து, உறவு குறைந்த சோடியாகப் பார்த்துச் சேர்ப்பார்கள். அதற்காக ஊர்விட்டு ஊர் மாற்றுவார்கள். சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்தால் சில தலைமுறையில் வம்சம் நலிந்துவிடும்.

சிக்கல் ஆணில் வருகிறது. இந்தக் குரங்குக் கூட்டத்தில் பெரும்பாலும் ஒரு பெரிய ஆண், பல பெண்கள். குட்டிகளோ ஏறக்குறைய சரிபாதி பிறக்கும். காட்டில், வளர்ந்த ஆண் தன் கூட்டத்தைவிட்டுக் கிளம்பி வேறு கூட்டம் தேடிப் போகும். கூண்டில் போக வழி ஏது? அங்கேயே உபரி ஆகிவிடுகிறது. காட்டில் இல்லாத அந்தச் சொல்லைக் கதவைச் சாத்தியவன் உண்டாக்கினான்.

அண்ணல் அம்பேத்கர் 1916-இல், அதே நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையும் இந்த உபரியைத்தான் பேசியது. அகமணம் என்று வேலி போட்ட கூட்டத்துக்குள் புருஷன் செத்தால் பெண் உபரி, பெண்டாட்டி செத்தால் ஆண் உபரி. உபரிப் பெண்ணை எரித்தார்கள், இல்லையென்றால் விதவையென்று மூலையில் உட்கார வைத்தார்கள். உபரி ஆணுக்குச் சிறுமியைக் கட்டிவைத்தார்கள்.

இதை வைத்துக்கொண்டு, 'குரங்குக்கே கலப்புதான் நல்லது, மனுசனுக்கு ஆகாதா' என்று யாரும் கிளம்ப வேண்டாம். நாம் சாதி மறுத்து மணப்பது ஒருத்தரை ஒருத்தர் சொந்தமென்று நினைப்பதற்கு. ரகம் பார்த்துக் குட்டி எடுப்பதற்கல்ல. எவனும் பதிவேடு வைத்து நமக்குச் சோடி சேர்க்கக் கூடாது என்பதுதானே நம்ம சண்டை?

கல்வராயன் மலைக்கு வாங்க. 1976 வரை அங்கே ஜாகீர்தார்களின் ஆதிக்கம்; மலையாளிப் பழங்குடி மக்கள் கூலியில்லாமல் உழைத்தார்கள். ஜாகீர் போனது. ஆனால் காட்டுக்கு அரசாங்கம் கோடு போட்ட இடத்தில், கோட்டுக்கு உள்ளே உழுதவர் 'ஆக்கிரமிப்பாளர்' ஆனார். அந்தப் பேரை அழிக்க 2006-இல் வன உரிமைச் சட்டம் வர வேண்டியிருந்தது. கோடு முந்தி வந்தது, குற்றம் பிந்தி வந்தது.

பூங்காக்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ரொம்பக் காலம் குட்டி போடவிடாமல் நிறுத்தினால் கூட்டம் கிழடாகும்; பெண்கள் அப்புறம் சினைப்படாமல் போகலாம்; காட்டிலும் அழிந்தால் மிஞ்ச ஒன்றும் இருக்காது. இனம் பிழைக்கச் சில உசுரு போனால் என்ன என்கிறார்கள். இனத்துக்கு வலிக்காது, குரங்குக்கு வலிக்கும். ஊர் நன்மைக்கு என்று எப்போதும் யாரோ ஒருவரைத்தானே கொடுக்கச் சொன்னார்கள்? பட்டியல் எழுதுகிறவன் பேர் அதில் இருந்ததே இல்லை.

நான் சொல்வது இதுதான்: கதவைச் சாத்தியவன்தான் சோறு போட வேண்டும். ஆண் குட்டி வளர்ந்தால் எங்கே இருக்கும் என்பதைச் சோடி சேர்ப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். ஆண்களுக்குத் தனிக்கூட்டம், அதற்குக் கொட்டகை, சாகும்வரை தீனி. இதுக்கெல்லாம் காசில்லையென்றால் பெருக்காதே. குட்டியைக் காட்டி டிக்கெட் விற்றுவிட்டு, வளர்ந்ததும் உபரி என்று சொல்ல எந்தப் பூங்காவுக்கும் உரிமையில்லை.