தணிகைப் படியும் ஒரு நாய்க்குட்டியும்

முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை திருத்தணி. மேலே செல்ல 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒன்று என்பார்கள். ஒரே தாவலில் உச்சிக்குப் போனவர் யாருமில்லை.

வீட்டுக்கு வந்த காப்பகத்து நாயின் அச்சமும் அப்படிப் படிப்படியாகத்தான் தணியும். கல்லடி பட்ட நாய், முதல் நாள் கட்டிலுக்கு அடியில் ஒடுங்கும். சில நாளில் கையிலிருந்து சோறு வாங்கும். பிறகொரு மாலை, உங்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் வாலாட்டி ஓடிவரும். தமிழும் தெலுங்கும் புழங்கும் ஊர் திருத்தணி. நாய்க்குக் குரலின் கனிவே போதும்.

சென்னையில் 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ், வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை அவர் வீட்டுக்கு எடுத்துவந்ததில் முளைத்தது. பெரிய அமைப்புக்கும் விதை, திறந்த ஒரு வீட்டுக் கதவுதான்.

நிரந்தரமாக வளர்க்க இயலாதவர், தத்தெடுப்பவர் கிடைக்கும்வரை சில வாரம் அடைக்கலம் தரலாம்: ஒதுங்க ஒரு மூலை, இருவேளை உணவு, தவறாத வெறிநோய்த் தடுப்பூசி. அதுவும் முடியாவிட்டால், வாரம் ஒருநாள் காப்பகத்தின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவித் தரலாம்.

பிரியும் நாளில் மனம் கனக்கும். ஆனால் காலியான அந்த மூலை, இன்னொரு உயிருக்கான இடம்.

இன்று ஒரு படி ஏறுவோம்.