இரு கரைக்கும் ஒரே மாரி



மட்டக்களப்பு வாவியில் சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, சாய்கிற பக்கம் படுவான்கரை. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவியின் நடுவே நின்றவர்கள்தான் இந்தப் பெயர்களை வைத்திருக்க வேண்டும். படுவான்கரையில் குடியிருப்பவருக்கும் காலையில் சூரியன் எழத்தானே செய்கிறது!

அந்த நடு இடத்தில் இருப்பது புளியந்தீவு. போர்த்துக்கேயர் 1628இல் இங்கே கோட்டை கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1638இல், அது ஒல்லாந்தர் கைக்குப் போனது. கடலில் இருந்து யார் வருகிறார்கள் என்பதே இருவருக்கும் கவலை. பிற்காலத்தில் அதே கோட்டைக்குள் மாவட்ட நிர்வாகமான கச்சேரி இயங்கியபோது கவலை மாறியது: வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது?

கோடையில் கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது வெள்ளம் வெளியேற வழியின்றி வாவி ஏறும். படுவான்கரையின் தாழ்ந்த வயல்களில் பெரும்போக வேளாண்மை மூழ்கும். "உடனே வெட்டுங்க" என்பார் வயலுக்குச் சொந்தக்காரரான போடியார். வலை வீசுபவரோ, "இப்ப வெட்டினா மீனும் இறாலும் தண்ணியோட கடலுக்குப் போயிரும்" என்பார்.

இருவர் சொல்வதும் பொய்யில்லை.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால், ஒவ்வொருவருக்குள்ளும் இரண்டு பக்கம் உண்டு. கடலில் பிறக்கும் இறால் குஞ்சு வாவிக்குள் வந்து வளர முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். அது வலைக்காரருக்கும் தெரியும். நீர்மட்டம் இறங்கிய பிறகு உவர்நீர் உள்ளே ஏறினால் கரையோர வயலுக்குக் கேடு. அது போடியாருக்கும் தெரியும்.

இனி, எப்போது வெட்டுவது என்று முடிவு செய்ய ஒரு கேள்வி: மழை எவ்வளவு வரும்? தெற்காசிய நாடுகளின் வானிலை அறிஞர்கள் 2010 முதல் கூடி, வரப்போகும் பருவத்துக்கு 'அவுட்லுக்' எனும் பருவக் கணிப்பு ஒன்றை வெளியிடுகிறார்கள். எந்த நாளில் மழை என்று அது சொல்லாது. வழமையைவிடக் குறைவு, வழமை, கூடுதல் என்ற மூன்றுக்கும் உள்ள வாய்ப்பைப் பிரித்துச் சொல்லும். எந்தப் பக்கமும் சாயாத வருடத்தில் மூன்றுக்கும் சமபங்கு. கூடுதல் மழைக்கு 45 வீதம் என்று வந்தால் போடியார் அந்த 45ஐப் பார்ப்பார். மீதி 55 வீதத்தை வலைக்காரர் பிடித்துக்கொள்வார். தாள் ஒன்றுதான்.

வெட்டிய முகத்துவாரத்தை மறுநாள் மூட முடியாது. சிறு வாய்க்காலாகத் தோண்டினாலும் வெள்ளமே அதை அரித்து அகலமாக்கிவிடும். பிறகு கடல் மணல் கொண்டுவந்து அடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் தோண்டும் இயந்திரம் மணல்மேட்டில் ஏறுவதற்கு முன்பே, நீர்ப்பாசனத் திணைக்களத்தின் நீர்மட்ட அளவும் பருவக் கணிப்பும் மேசையில் இருக்க, படுவான்கரைக் கமக்காரரும் வாவி மீனவரும் ஒரே கூட்டத்தில் பேசவேண்டியிருக்கிறது.