வந்த சீட்டும் ஆடும் கையும்

ஊழ் பெரிதா, முயற்சி பெரிதா என்ற கேள்வியைத் தமிழ்ச் சிந்தனை ஒருநாளும் முடித்து வைத்ததில்லை. திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழைப் பற்றியது. 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமையைப் பற்றியது. முன்னதைப் படித்தவுடன் விதிக்கு வெளியே காலடி வைக்க இடமில்லை என்று தோன்றுகிறது. பின்னதைப் படித்தால் உழைப்புக்கு முன்னால் எதுவும் நிற்காது என்று தோன்றுகிறது. இரண்டையும் எழுதியவர் ஒருவரே என்பதால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடவும் முடியாது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க வழி உண்டா என்பதுதான் கேள்வி. உண்டு என்பது என் பதில். அதைக் காட்ட ஒரு சீட்டாட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். அந்த உவமை எனக்கு முன்பே ஒரு பெரிய தத்துவ அறிஞர் கையாண்டது.

திருத்தணியில் 1888இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்தான் அந்த அறிஞர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் அவர் தத்துவம் படித்த காலத்தில், இந்து சமயத் தத்துவத்தில் அறத்துக்கு இடமில்லை என்ற விமர்சனம் மிஷனரி அறிஞர்களிடமிருந்து வந்துகொண்டிருந்தது. எம்.ஏ. பட்டத்துக்காக 1908இல் அவர் எழுதிய வேதாந்த அறவியல் ஆய்வுரை அதற்கு ஓர் இளைஞர் தந்த பதில். ஏறக்குறைய கால் நூற்றாண்டு கழித்து, 1932இல் வெளிவந்த ‘ஆன் ஐடியலிஸ்ட் வியூ ஆஃப் லைஃப்’ நூலில் அவர் வாழ்க்கையை பிரிட்ஜ் ஆட்டத்துக்கு ஒப்பிட்டார். சீட்டுகளை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, அவை முன்வினையால் வருகின்றன; எதைக் கேட்பது, எதை இறக்குவது என்பது நம் விருப்பம்; இதுவே அவர் சொன்னதன் சாரம். இதை எடுத்துச் சொல்பவர்கள் ‘சீட்டு விதி, ஆட்டம் மதி’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பிரிட்ஜ் எப்படி ஆடப்படுகிறது என்று நெருங்கிப் பார்த்தால் உவமை இன்னும் இரண்டு உண்மைகளைச் சொல்லும். ஊழும் முயற்சியும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுபவை அல்ல என்பது ஒன்று. கைக்கு வந்தது எவருடைய தகுதிக்கும் சான்று அல்ல என்பது இன்னொன்று. இரண்டாவதில் உவமை, அதைச் சொன்னவரையே திருத்துகிறது.

ஆட்டத்தின் அமைப்பு எளிது. நான்கு பேர், 52 சீட்டு, ஆளுக்கு 13. எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள். ஒரு கைக்கு வரக்கூடிய 13 சீட்டுச் சேர்க்கைகள் 63,501 கோடிக்கும் மேல். அவற்றில் எது வரும் என்பதில் ஆடுபவருக்குத் துளியும் பங்கில்லை. பிறகு ஏலம் நடக்கிறது. எத்தனை பிடி, அதாவது எத்தனை சுற்று, எடுப்போம், எது துருப்பு அல்லது துருப்பே வேண்டாமா என்று கேட்டு வெல்லும் அணி, அத்தனை பிடியை எடுத்தே தீர வேண்டும். அந்த ஒப்பந்தத்தை நிறைவேற்றும் பொறுப்பு டிக்ளேரர் எனப்படும் ஒருவர் தலையில் விழுகிறது. அவருடைய இடப்பக்கத்து எதிராளி முதல் சீட்டை இறக்கியதும், டிக்ளேரரின் கூட்டாளி தன் 13 சீட்டையும் மேசைமேல் திறந்து பரப்பிவிட்டு ஒதுங்கிவிடுகிறார். அந்தக் கைக்கு டம்மி என்று பெயர். இனி இரண்டு கைகளையும் ஆடுபவர் டிக்ளேரர் ஒருவரே. தேர்ந்த டிக்ளேரர் இந்த நேரத்தில் எந்தச் சீட்டையும் தொடுவதில்லை, முதலில் எண்ணுகிறார். நிச்சயமாக வரும் பிடி எத்தனை, குறைவது எத்தனை, அந்தக் குறையை எந்த வகையிலிருந்து ஈடுகட்டலாம், அதற்குள் எதிராளி எங்கே அடிப்பார்? புதிதாகப் பழகுபவருக்குச் சொல்லித்தரும் முதல் பாடம் இந்த நிதானம்தான். கைநழுவும் ஒப்பந்தங்களில் பல, முதல் பிடியிலேயே யோசிக்காமல் போட்ட ஒரு சீட்டால் நழுவுகின்றன.

ஒரு கையை விரித்துப் பார்ப்போம். துருப்பு இல்லாத ஆட்டம். ஒன்பது பிடி வேண்டும். டிக்ளேரரிடம் இஸ்பேடில் ஏஸ், 6, 3. ஆட்டினில் ஏஸ், ராஜா, 5. டைமனில் ராணி, 8, 2. கிளாவரில் ஏஸ், 8, 5, 4. டம்மியில் இஸ்பேடு 7, 5. ஆட்டின் ராணி, 6, 2. டைமன் ஏஸ், ஜாக்கி, 10, 9, 4. கிளாவர் ராஜா, 7, 3. இடப்பக்கத்து எதிராளி இஸ்பேடு ராஜாவை இறக்குகிறார். எண்ணினால் இஸ்பேடில் ஒன்று, ஆட்டினில் மூன்று, டைமனில் ஒன்று, கிளாவரில் இரண்டு என ஏழு பிடி உறுதி. குறையும் இரண்டை டைமன் தரும். ராணியைக் கையிலிருந்து இறக்கி ஓடவிட வேண்டும். டைமன் ராஜா இடப்பக்கம் இருந்தால் மாட்டிக்கொள்ளும், வலப்பக்கம் இருந்தால் அவர் பிடித்துவிடுவார். ஃபினெஸ் எனப்படும் இந்த உத்தி பாதிக்குப் பாதி வாய்ப்பு. அவசரக்காரர் இஸ்பேடு ஏஸை உடனே போட்டு முதல் பிடியை எடுத்துவிட்டு டைமனுக்குப் போவார். ராஜா வலப்பக்கம் இருந்து, இடப்பக்கத்தவரிடம் ஐந்து இஸ்பேடும் இருந்தால் கதை முடிந்தது: வலப்பக்கத்தவர் டைமனைப் பிடித்து இஸ்பேடைத் திருப்புவார், கூட்டாளி நான்கு பிடியை அள்ளுவார், ஒப்பந்தம் ஒரு பிடியில் விழும். நிதானக்காரர் ஏஸ் கையில் இருந்தும் முதல் சுற்றிலும் இரண்டாம் சுற்றிலும் போடாமல் பொறுக்கிறார். மூன்றாம் சுற்றில்தான் எடுக்கிறார். இப்போது ஐந்துக்கு மூன்றாகப் பிரிந்திருந்தால் வலப்பக்கத்தவரிடம் இஸ்பேடே மிச்சமில்லை. டைமன் ராஜா அவரிடம் இருந்து அவர் பிடித்தாலும், கூட்டாளிக்கு வழிவிட அவரிடம் சீட்டு இல்லை; பத்துப் பிடி வந்துவிடும். நாலுக்கு நாலாகப் பிரிந்திருந்தால் எதிராளிக்கு இஸ்பேடில் மொத்தம் மூன்று பிடிதான். டைமன் ராஜாவையும் சேர்த்து நான்கு. அப்போதும் ஒன்பது நமக்கு வரும்.

இங்கே நடந்ததைக் கவனிக்க வேண்டும். டைமன் ராஜா எங்கே இருக்கிறது என்பது சீட்டு போட்டபோதே முடிவாகிவிட்டது. எந்த மன உறுதியாலும், எந்த வேண்டுதலாலும் அதை இடம் மாற்ற முடியாது. அவ்வளவில் ஊழ் முழுமையானது. ஆனால் அந்த ராஜா எங்கிருந்தாலும் ஒப்பந்தம் பிழைக்கும்படி ஆட்டத்தை அமைத்தது டிக்ளேரரின் முயற்சி. அவ்வளவில் அதுவும் முழுமையானது. ஒன்றுக்கு எழுபது பங்கு, மற்றதற்கு முப்பது பங்கு என்று இவற்றைக் கூறுபோட வேண்டியதில்லை. ஊழ் எது இருக்கிறது என்பதை முடிவுசெய்கிறது. இருப்பதை எந்த வரிசையில், எப்போது, எதற்காகச் செலவிடுவது என்பதை முயற்சி முடிவுசெய்கிறது. ஆகவே ஊழை அறிவது முயற்சிக்குத் தடையல்ல, அதுவே முயற்சியின் முதல் படி. எண்ணாமல் ஆடுபவர் ஊழை எதிர்ப்பவர் போலத் தெரிந்தாலும் அதற்கு முழு அடிமையாகிறார். எண்ணி ஆடுபவரே அதன் நடுவில் சுதந்திரமாக நடமாடுகிறார். இந்தச் சுதந்திரம் நேரத்துக்குக் கட்டுப்பட்டது. தொடக்கத்தில் வழிகள் அதிகம், ஆட ஆடக் குறைகின்றன, ஆனாலும் கடைசிவரை ஏதோ ஒரு தேர்வு மிஞ்சுகிறது என்று ராதாகிருஷ்ணனும் இதே உவமையில் குறிப்பிட்டார். வள்ளுவரின் இரண்டு அதிகாரங்களும் மோதிக்கொள்ளாமல் நிற்பது இந்த இடத்தில்தான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. சரியாக ஆடியும் தோற்பதில்லையா? தோற்பது உண்டு. ஒரு வகையில் எதிராளிகளிடம் ஐந்து சீட்டு இருந்தால், அவை மூன்றுக்கு இரண்டாகப் பிரிந்திருக்க 100க்கு 68 வாய்ப்பு; அதை நம்பி ஆடுவது சரி. ஆனால் மீதி 32இல் அந்தச் சரியான ஆட்டமே கவிழலாம். கவிழ்ந்தால் ஆட்டக்காரர் தவறு செய்தார் என்று ஆகாது. தவறாக ஆடி வென்றவர் திறமைசாலி என்றும் ஆகாது. விளைவைத் தனியாகவும் செயலைத் தனியாகவும் எடைபோட வேண்டும் என்ற பழைய அறம் இங்கே கண்ணெதிரே நிற்கிறது. வள்ளுவர் 94ஆம் அதிகாரத்தில் சூதைக் கடிந்தாரே, சீட்டாட்டத்தில் அறம் தேடலாமா என்றும் கேட்கலாம். சூதின் தீமை, விளைவை மட்டுமே பார்க்க வைப்பதில் இருக்கிறது. பிரிட்ஜ் அந்த வகை அல்ல. ரம்மி பற்றிய 1967ஆம் ஆண்டு ஆந்திர வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மியில் உள்ள தற்செயல், பிரிட்ஜில் சீட்டு போடும்போது உள்ள தற்செயலைப் போன்றதே என்றும், ரம்மி முதன்மையாகத் திறமையின் ஆட்டம் என்றும் சொன்னது. பிரிட்ஜ் போட்டிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. 2015இல் கிண்டியில் நடந்த உலக அணிச் சாம்பியன்ஷிப்பில் போலந்து பெர்முடா கிண்ணத்தை வென்றது அதிக ஏஸ்கள் வந்ததால் அல்ல. அங்கே ஒரே சீட்டுகள் இரண்டு மேசைகளில் ஆடப்படும். ஒரு மேசையில் ஓர் அணிக்கு வந்த கை, மறு மேசையில் எதிரணிக்குப் போகும். வந்த சீட்டைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, ஆடியதை மட்டும் ஒப்பிடுகிறார்கள். மனிதரை மதிப்பிட இதைவிட நேர்மையான முறை இருக்க முடியாது.

இதைவிடக் கடுமையான மறுப்பு வாழ்க்கையிலிருந்து வருகிறது. வாழ்க்கையில் இரண்டாவது மேசை இல்லை. ஒருவர் கையில் நான்கு ஏஸ், இன்னொருவர் கையில் ஒன்றுமில்லை. எண்ணத் தெரிவதே படிப்பும் ஓய்வும் தந்த சீட்டுதானே? இந்த மறுப்பை மழுப்பக் கூடாது. சீட்டு முன்வினையால் வருகிறது என்ற ராதாகிருஷ்ணனின் பதில் இங்கேதான் சறுக்குகிறது. அதற்கு நெடிய மரபு உண்டு என்பதை அறிவேன். உயிர்களிடையே உள்ள ஏற்றத்தாழ்வுக்கு இறைவன் பொறுப்பல்ல, வினையே பொறுப்பு என்று பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயமும் வாதிடுகிறது. ஆனால் உவமை அதற்கு இடம் கொடுக்கவில்லை. சென்ற ஆட்டத்தில் அற்புதமாக ஆடியவருக்கு இந்த ஆட்டத்தில் நல்ல சீட்டு வருவதில்லை. கலைத்த கட்டுக்கு ஞாபகம் இல்லை. வினைக் கொள்கையை நம்புபவர் நம்பட்டும். அது தன் வாழ்வுக்குத் தானே பொறுப்பேற்கச் சொல்லும் கொள்கை; பக்கத்துவீட்டுக்காரரின் துன்பத்துக்குக் காரணம் சொல்லும் கருவியாக அதை மாற்றுவது அதற்கே செய்யும் துரோகம். ஒரு பட்டறையில் பிரஸ் மெஷினில் விரல் இழந்தவரிடம் ‘உன் தலையெழுத்து’ என்று சொல்லும்போது, மெஷினுக்குத் தடுப்பு இருந்ததா என்ற கேள்வி அமுங்கிப்போகிறது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானித்தபோது, சீட்டு போடும் முறையே மனிதர் கையில்தான் இருக்கிறது என்றுதான் அறிவித்தது. அந்தத் தீர்மானம் எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு விவாதம். பிறப்பில் வந்த சீட்டு ஊழாக இருக்கலாம். பிறருக்கு விழும் சீட்டில் பெரும்பகுதி நம் முயற்சியின் எல்லைக்குள் இருக்கிறது.

கடைசி மறுப்பு பக்தர்களுடையது. அதற்குப் பூவிருந்தவல்லியில் பிறந்த வைணவ அடியார் திருக்கச்சி நம்பிகளை எடுத்துக்கொள்வோம். காஞ்சி வரதராஜருக்கு ஆலவட்டம் வீசிப் பணிசெய்த அவர் வழியாக இராமானுசருக்கு இறைவனின் ஆறு வார்த்தைகள் கிடைத்தன என்பது வைணவ மரபு. சரணாகதியே வழி என்பது அவற்றில் ஒன்று. எல்லாம் அவன் செயல் என்றால் எண்ணுவதும் திட்டமிடுவதும் அகந்தை அல்லவா? பிற்கால வைணவமே இதை விவாதித்து இரண்டு கலைகளாகப் பிரிந்தது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியை வடகலையார் காட்டினர். தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியைத் தென்கலையார் காட்டினர். எனக்கு இங்கே டம்மியின் கை நினைவில் நிற்கிறது. ஒன்றையும் மறைக்காமல், எல்லாச் சீட்டையும் திறந்து வைத்து, ஆட்டத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்ட கை அது. ஆனால் டம்மி ஆவதற்கு முன் அதே ஆட்டக்காரர் தன் சீட்டுகளைச் சரியாக எடைபோட்டு ஏலம் கேட்டிருந்தார். திருக்கச்சி நம்பிகளும் சும்மா இருந்தவர் அல்லர்; நந்தவனம் வளர்த்துப் பூத்தொண்டும் விசிறித் தொண்டும் ஓயாமல் செய்தவர். சரணாகதி விட்டுவிடச் சொல்வது பலனின் மீதுள்ள உரிமையை, வேலையை அல்ல. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு மீதியை ஒப்படைப்பவருக்கும், சரியான ஆட்டம் ஆடிவிட்டுச் சீட்டின் பிரிவை ஏற்றுக்கொள்பவருக்கும் உள்ளம் ஒன்றே.

ஆகவே ஊழை மறுக்கவும் வேண்டாம், அதன் பின்னால் ஒளியவும் வேண்டாம். நமக்குக் கெட்ட சீட்டு வரும்போது முதல் சீட்டைத் தொடுவதற்கு முன் நின்று எண்ணுவோம். எண்ணினால் அதுவரை கண்ணுக்குத் தெரியாத ஒரு வழி தெரியக்கூடும். அடுத்தவருக்குக் கெட்ட சீட்டு வந்திருந்தால், போன பிறவியில் என்ன செய்தார் என்று கேட்காமல், அவர் மேசையில் நாம் திறந்து வைக்கக்கூடியது என்ன என்று கேட்போம்.