அவளை நடக்கவிட்டது யார்?



இன்றைய நற்செய்தியில் ஒரு கைம்பெண் நீதி கேட்டு நடுவரிடம் நடையாய் நடக்கிறார். மனந்தளராமல் மன்றாட வேண்டும் என்பதற்கு இயேசு சொன்ன உவமை இது. அவருடைய விடாப்பிடியைப் பலமுறை புகழ்ந்து பிரசங்கம் செய்திருக்கிறோம். அவரை அத்தனை முறை நடக்கவிட்டது யார் என்று இன்றைக்குக் கேட்போம்.

நம் மாநிலத்திலும் நீதிக்காக இப்படி நடந்த பெண்கள் உண்டு. 1992 ஜூன் 20. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தி. சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் நுழைந்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். வீடுகளைச் சூறையாடினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011-இல் தீர்ப்பு வந்தபோது உயிரோடிருந்தவர்கள் 215 பேர், அத்தனை பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023 செப்டம்பர் 29-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்கவும், அதில் பாதியை வன்கொடுமை செய்தவர்களிடமே வசூலிக்கவும் உத்தரவிட்டது. அதைப் பார்க்காமலே கண்மூடிய பெண்களும் உண்டு.

அந்தத் தீர்ப்பைத் தருமுன் நீதிபதி வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போனார். மனுநீதிச் சோழன் ஊரில் இருக்கும் நமக்கு அதன் அருமை தெரியும்: முறையிட்டவர் இருக்கும் இடத்துக்கு ஆள்பவன் இறங்கி வந்த கதை நம்முடையது.

வன்கொடுமைக்கு ஆளானவருக்குத் தரும் இழப்பீடு தர்மக் காசு அல்ல, பட்ட கடன். கடன்காரன் வீட்டுத் திண்ணையில் கொடுத்தவரை நாள் முழுக்க உட்காரவைப்பது எவ்வளவு அநியாயம்! ஒரே கொடுமையை மேசைக்கு மேசை திரும்பச் சொல்லவைப்பது, பத்துப் பேர் நிற்கும் வராந்தாவில் பேர் சொல்லிக் கூப்பிடுவது, ‘இவ்வளவு நாள் ஏம்மா சொல்லலை?’ என்று கேட்பது, எல்லாம் அந்தக் காயத்தின்மேல் இன்னொரு காயம்.

திருச்சபையும் இதில் விலக்கல்ல. குருக்களாலும் துறவிகளாலும் சீரழிக்கப்பட்ட பிள்ளைகள் உலகெங்கும் உண்டு. அவர்களை வாய்மூட வைத்த பாவமும் நம்முடையது. புகார் சொல்பவரை மாண்போடு நடத்த வேண்டும், மௌனமாக இருக்கச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சட்டமே போட்டார். சட்டம் போட வேண்டிய அளவுக்கு நாம் இருந்திருக்கிறோம், ஆண்டவரே!

நம் பங்கில் அரசு அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். வன்கொடுமைக்கு ஆளான ஒருவர் இழப்பீடு கேட்டு மனுவோடு வந்தால் முதலில் நாற்காலி போடுங்கள். கதவைச் சாத்திவிட்டுப் பேசுங்கள். காகிதம் குறைந்தால் நீங்களே கேட்டு வாங்குங்கள். நாளைக்கு வா என்று சொல்லாதீர்கள். மற்றவர்கள், சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ நீதிமன்றத்துக்கோ அவர் போகும் நாளில் துணைக்குப் போங்கள். என்ன நடந்தது என்று வழியில் கேட்க வேண்டாம்.