கணக்கில் வராத ஏழு குழந்தைகள்

என் அண்ணன் மகன் கல்லூரியில் கணிதம் படிக்கிறான். நாவல் என்றாலே கொஞ்சம் எட்ட நிற்கிற பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வந்ததும் வராததுமாக, "சித்தப்பா, பழைய பெரிய நாவல் ஒன்றில் வரும் ஆட்களைப் பற்றிய கணக்கு வேண்டும். யாரும் எடுத்துக்கொள்ளும்படி எங்கேயாவது கிடைக்குமா?" என்று கேட்டான்.

"கதாபாத்திரங்களுக்குக்கூடவா ரேஷன் அட்டை?" என்று சிரித்தேன்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு நாளில் தானே தேடிப் பிடித்துக்கொண்டு வந்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் க்னூத் 1993-ஆம் ஆண்டில் ஒரு நூலோடு சில கணக்குக் கோப்புகளையும் வெளியிட்டிருக்கிறார். 'அன்னா கரினீனா', 'டேவிட் காப்பர்ஃபீல்டு', 'ஹக்கிள்பெரி ஃபின்', விக்டர் யூகோவின் 'லே மிஸரபிள்' ஆகிய நாவல்களில் எந்த அத்தியாயத்தில் யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்று எழுதி வைத்த கோப்புகள் அவை. யார் வேண்டுமானாலும் படியெடுத்துக்கொள்ளலாம். எதையும் மாற்ற வேண்டாம் என்பது மட்டும் கோரிக்கை. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டெழுத்தில் ஒரு குறி.

எனக்கு மனம் கசந்தது. 'லே மிஸரபிள்' நமக்கு அந்நியமான கதையன்று. சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கித் தந்தார். 1950-இல் அது படமாக வந்தபோது, இன்ஸ்பெக்டராக நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர்' என்ற பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. ரொட்டி திருடியதற்காகப் பிடிபட்டு, தப்பியோட முயன்றதற்கும் சேர்த்துப் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிலிருந்த ழான் வால்ழானுக்குச் சிறையில் பெயர் கிடையாது. 24601 என்ற எண்தான். ஒரு மனிதனை எண்ணாக்கியதற்காக அழுது எழுதப்பட்ட நாவலையே எண்ணாக்கிவிட்டார்களே என்று நினைத்தேன்.

நினைத்ததை அவனிடம் சொல்லவும் செய்தேன். "இதோ பார், வால்ழானும் ஜாவரும் சேர்ந்து வரும் அத்தியாயங்கள் 17 என்கிறது உன் கணக்கு. வால்ழானும் மிரியேல் பாதிரியாரும் சேர்ந்து வருவது வெறும் 5. துரத்தியவனுக்குப் பதினேழு, மனிதனாக்கியவருக்கு ஐந்து! அந்தப் பாதிரியார் கொடுத்த வெள்ளி விளக்குத் தண்டுகள் வால்ழான் சாகும்வரை அவனோடு இருக்கின்றன. இது எந்தக் கணக்கில் வரும்?"

பையன் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "சரி சித்தப்பா. பாதிரியாரோடு அதிக அத்தியாயங்களில் வருகிறவர் யார், சொல்லுங்கள்" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. நாலு தடவை படித்த நாவல்.

"மாக்லோவார் அம்மாள். 10 அத்தியாயம். அவர் வீட்டு வேலைக்காரி" என்றான்.

அந்தக் கிழவியை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். வெள்ளித் தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தவள் அவள். மறுநாள் காலையில் வெள்ளியைக் காணோம் என்று பதறியவளும் அவளே. பாதிரியாரின் கருணைக்குக் கண்ணீர் விட்ட எனக்கு, அந்தக் கருணை சோறு பரிமாறப்பட்ட மேசையைத் துடைத்தவள் நினைவில் இல்லை! பட்டியலுக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் இல்லை. நெப்போலியன் சக்கரவர்த்திக்கும் அதில் ஒரே ஒரு கோடுதான். வாசகனின் மனத்துக்குத்தான் பேதம் உண்டு. அன்றைக்கு அவன் முன்னால் வெட்கப்பட்டேன்.

ஆனால் பட்டியலும் முழு நீதிமான் அல்ல. கோடுகளால் இணைக்கப்பட்ட 77 பேரையும் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்த்தோம். ரொட்டிக் கடைக்காரன் இஸபோ இருக்கிறான். பெயரில்லாத இரண்டு பெண்கள், இரண்டு சிறுவர்கள்கூட இருக்கிறார்கள். யாருடைய பசிக்காக அந்த ரொட்டி திருடப்பட்டதோ, அந்த விதவைத் தமக்கையும் அவளுடைய ஏழு குழந்தைகளும் இல்லை. ரொட்டியைப் பறிகொடுத்தவன் கணக்கில் வந்துவிட்டான், பசித்தவர்கள் வரவில்லை.

தொகுத்தவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும். நாவலாசிரியனாகிய நான் மட்டும் என்ன செய்திருக்கிறேன்? என் கதைகளில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறவர்களுக்குப் பெயர் வைத்ததாக நினைவில்லை.

மறுநாள் காலை, எங்கள் வீட்டில் ஒன்பது ஆண்டுகளாகப் பாத்திரம் துலக்கும் அம்மாளிடம், "உனக்கு எத்தனை குழந்தைகள் அம்மா? பெயர் என்ன?" என்று கேட்டேன். பெரிய புண்ணியம் செய்கிற எண்ணம்தான், வேறென்ன! அவள் கை நின்றுவிட்டது. முகத்தில் பயம் தெரிந்தது.

"எதுக்குங்க ஐயா கேக்கறீங்க? ஏதாச்சும் எழுதிக் கொடுக்கணுங்களா?" என்றாள்.

ஏழைகளிடம் பெயர் கேட்கிறவர்கள் பெரும்பாலும் எதிலோ பதிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள் என்பது அவளுடைய வாழ்க்கை அனுபவம். ஜாவரும் அப்படித்தான் கேட்பான். மிரியேல் பாதிரியாரோ, வாசலில் வந்து நின்றவனிடம் பெயரே கேட்கவில்லை. உட்காரச் சொன்னார், சோறு போட்டார்.

அப்படியானால் எண்ணுவது பாவமா? அதுவும் இல்லை. எண்ணியதால்தானே மாக்லோவார் அம்மாள் எனக்குத் திரும்பக் கிடைத்தாள். கணக்கு, நாம் யாரைப் பார்க்காமல் தாண்டிப் போனோம் என்று காட்டும். அவரிடம் போய் நிற்க வேண்டியது நம் பொறுப்பு. எண்ணுகிற கை பிடித்து அடைக்க எண்ணுகிறதா, இலை போட எண்ணுகிறதா என்பதில்தான் அறம் இருக்கிறது. பந்தியிலும் தலையை எண்ணுகிறார்கள், சிறையிலும் தலையை எண்ணுகிறார்கள்.

பையன் அந்தக் கோப்பில் கை வைக்கவில்லை. மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவரின் சொல்லுக்கு மரியாதை வைத்தான். தன் நோட்டுப் புத்தகத்தில் தனியாக ஒரு பட்டியல் எழுதினான். அதன் தலையில் 'தமக்கை, குழந்தைகள் ஏழு' என்று இருந்தது. நாவலைப் படிக்க எடுத்துக்கொண்டும் போயிருக்கிறான்.

அந்த அம்மாள் நாலு நாள் கழித்து, நான் கேட்காமலே, "மூணு புள்ளைங்க ஐயா" என்றாள். பெயர்களையும் சொன்னாள். நான் எழுதிக்கொள்ளவில்லை.